மிதிவண்டி கொடுத்தால் போதுமா, ஓட்டுவதற்கு ஓரம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-ஆம் ஆண்டு மகாமகத்தை முன்னிட்டுக் கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் செய்யவேண்டிய சாலை, வடிகால், பாலப் பணிகளைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அந்தப் பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு பொருளைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். இதே சாலைகளில் நாள்தோறும் மிதிவண்டியில் போய்வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூலி வேலைக்குச் செல்வோருக்கும் உரிய இடம் எது என்பதே அது. சாலைப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சாலையைக் கிளறிப் போடுகிற நேரத்தில் சேர்த்துச் செய்தால் சொற்பச் செலவில் முடிகிற வேலை, போட்டு முடித்த பிறகு செய்யப் புகுந்தால் எத்தனை மடங்காகிறது என்பதை மதிப்பீடுகள் தயாரித்தே அறிந்தவன். ஒப்பந்தப்புள்ளி கோரும் கட்டத்துக்கு முன்னதாகவே இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

தமிழக அரசு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பயிலும் எல்லா மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. ஆட்சிகள் மாறியும் கைவிடப்படாத திட்டங்களுள் இதுவும் ஒன்று. இதற்கும் முன்பே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நம் டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் யார் துணையும் இல்லாமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரத் தலைப்பட்டார்கள். மிதிவண்டியை மக்கள் கையில் சேர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு பெருமை உண்டு. சேர்த்த வண்டியை எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்குத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பதிலில்லை.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். இருவழிச் சாலை என்று நாம் சொல்வதன் தார்ப்பரப்பு 7 மீட்டர். ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்து, நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுக் கடந்தால், இருபுறமும் மிஞ்சுவது அரை மீட்டர். மிதிவண்டியின் கைப்பிடியே அதைவிட அகலம். ஓட்டுகிறவர் இயல்பாக அசைந்து செல்வதற்கும் இடம் சேர்த்தால் ஒரு மீட்டராவது வேண்டும். பின்னால் புல்லுக்கட்டோ வாழைத்தாரோ பால் கேன்களோ இருந்தால் அதுவும் போதாது. ஆகவே பேருந்து கடக்கும்போதெல்லாம் மிதிவண்டிக்காரர் தாரை விட்டுக் கீழே இறங்கியே ஆக வேண்டும் என்று இச்சாலையின் அளவே தீர்மானித்துவிடுகிறது. அவர் ஒழுங்காக ஓட்டினாரா, மணி அடித்தாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

கீழே இறங்கினால் என்ன இருக்கிறது? துறையில் அதைப் பெர்ம் என்போம். கிராவல் கொட்டிச் சமன்செய்து, தார் விளிம்போடு ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டிய பகுதி அது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, பெர்ம் மட்டும் மழையில் கரைந்து தாழ்ந்துகொண்டே போவதால், பல இடங்களில் தார் விளிம்பு ஒரு படிக்கட்டின் உயரத்துக்கு நிற்கிறது. பின்னால் ஒலிப்பான் அலறியதும் பதறிக் கீழே இறக்கிய பிள்ளை, மறுபடி மேலே ஏற்றும்போது முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசி வழுக்குகிறது. விழுவது பெரும்பாலும் சாலைப் பக்கமாகத்தான். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது, தண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிடும். நகருக்குள் வந்தால் வேறு வகைத் தொல்லை. வடிகால் மூடியின் கம்பிகளைச் சாலையின் நீளவாக்கில் பதித்துவிடுகிறார்கள், அவற்றின் இடைவெளியில் மிதிவண்டிச் சக்கரம் அப்படியே இறங்கிவிடும். அதே மூடியைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போடுவதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஆகாது. வேகத்தடைகளிலும், ஓரத்தில் ஒரு மிதிவண்டி தடையின்றிப் போகுமளவு சமமாக விட்டுவிட்டுப் போடலாம். வடிகால் நீர் செல்வதற்காகச் சில இடங்களில் அவ்வாறு விடுகிறார்கள், ஆனால் அந்த இடைவெளியில் சேறு தேங்கியிருக்கும்.

இப்படிச் சொன்னால், போக்குவரத்து குறைவான ஊர்ச் சாலைகளுக்கெல்லாம் மிதிவண்டிக்கென்று தனித்தடம் கேட்கலாமா என்று வினவுவார்கள். இதற்கான அளவுகோல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 1962-லேயே மிதிவண்டித் தடங்களுக்கென்று ஒரு நெறிமுறை வகுத்து, அதை 2015-ல் திருத்தியும் வெளியிட்டுள்ளது. அந்த 1962-ஆம் ஆண்டு ஆவணமே, ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்கு மேல் சென்றால், நெரிசல் நேரத்தில் 100 மிதிவண்டிகள் போனாலே தனித்தடம் அமைப்பது நியாயம் என்று கூறுகிறது. தடத்தின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் கூறுகிறது. ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் சாலையில், காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தவர் எவரும் இந்த வண்டி எண்ணிக்கைகள் இரண்டும் நம்மூர்ச் சாலைகளில் எளிதாக எட்டப்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்வர். ஆனால் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடக்கும்போது லாரிகளையும் பேருந்துகளையும் எண்ணுவதில் காட்டும் அக்கறை மிதிவண்டியை எண்ணுவதில் காட்டப்படுவதில்லை. தார் எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்கிடுவதற்குத்தான் எண்ணுகிறோம்; மிதிவண்டி தாரை அழுத்தாது, ஆகவே கணக்கில் அதற்கு மதிப்பில்லை.

எல்லா இடத்திலும் தனித்தடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். கும்பகோணத்தின் சன்னிதித் தெருக்களிலும் தேரோடும் வீதிகளிலும், தஞ்சாவூரின் நான்கு ராஜவீதிகளிலும் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. அங்கே வேண்டியது வேகக் கட்டுப்பாடும், வண்டிகளை நிறுத்துவதில் ஒழுங்கும். நடப்பவர்களும் மிதிவண்டியில் செல்பவர்களும் மோட்டார் வாகனங்களோடு கலந்து புழங்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று சாலைப் பாதுகாப்பு குறித்த 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது. நம் பழைய வீதிகளில் அந்த வேகத்தைத் தாண்டவே முடியாது என்பது பகலில் உண்மை, இரவில் அப்படியல்ல. வீதியின் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டு, நீலச்சாயம் பூசி, மிதிவண்டிப் படம் வரைந்து, மறுவாரமே அதன்மேல் கார்கள் நிற்கும் காட்சியைப் பெருநகரங்களில் நிறையவே பார்த்தாகிவிட்டது. அந்தச் சாயச் செலவு நமக்கு வேண்டாம். தடம் வேண்டியது ஊருக்குள் வந்து சேரும் சாலைகளில்: தாராசுரத்திலிருந்து, சுவாமிமலையிலிருந்து, நாச்சியார்கோவிலிலிருந்து, வலங்கைமானிலிருந்து, திருவிடைமருதூரிலிருந்து வரும் சாலைகளில். வேகமும் அங்கேதான், பிள்ளைகளும் அங்கேதான்.

இவற்றில் சாலையின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருங்கிவிட்ட இடங்களில் 2 மீட்டர் கிடைக்காது என்பதை அறிவேன். அத்தகைய இடங்களில் மூடிய வடிகாலின் மேற்பரப்பையே பயன்படுத்தலாம். மகாமகப் பணிகளில் மழைநீர் வடிகால் நிச்சயம் இடம்பெறும். அதன் மூடுபலகைகளைச் சாலை மட்டத்துக்கு இணையாக, இடுக்குகள் இன்றிப் பொருத்தி, மின்கம்பங்களையும் மின்மாற்றிகளையும் அதன்மேல் நடாமல் விட்டாலே ஒரு மிதிவண்டி போக வழி கிடைத்துவிடும். தற்போது வடிகால் ஓர் உயரம், சாலை ஓர் உயரம், கடைக்காரர் போட்டுக்கொண்ட சாய்தளம் ஓர் உயரம் என்று மூன்று மட்டங்களில் கிடக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வருபவர்களுள் நடந்தே வருபவர்கள் பெருந்திரளானவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு அவர்களுக்கும் உதவும். ஆவணியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் தார் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வேண்டியதும் இதே ஓரம்தான்.

அடுத்து, டெல்டாவுக்கே உரிய ஒரு வாய்ப்பைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தின் வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிப் புதாறு ஓடுகிறது, கரந்தை வழியே வடவாறு. திருவாரூரில் ஓடம்போக்கி, மன்னார்குடியில் பாமணி. இந்த ஆறுகள் அனைத்துக்கும் கரை உண்டு. கரைமேல், வெள்ளக் காலத்தில் நீர்வளத் துறையினர் ஜீப்பில் போய்ப் பார்ப்பதற்கென்று பாதையும் பெரும்பாலும் உண்டு. இப்பாதைகள் வயல்வெளியிலிருந்து நேரே நகரின் நடுவுக்கு வருகின்றன. குறுக்குச் சாலைகள் குறைவு. மேடுபள்ளம் கிடையாது. நிழலும் இருக்கும். காசு கொடுத்து நிலம் எடுத்து ஒரு மிதிவண்டிப் பாதையைத் திட்டமிட்டாலும் இதைவிட நல்ல வழித்தடம் கிடைக்காது. நெதர்லாந்து நாடும் நம்மைப் போலவே ஆறுகள் கடலில் சேரும் தட்டையான வண்டல் நிலம்தான். அங்கேயும் ஐம்பது, அறுபதுகளில் மிதிவண்டியைத் தள்ளிவிட்டுக் காருக்கு வழிவிட்டார்கள். 1971-ல் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். எழுபதுகளில் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து, 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தன் போக்கை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. இன்று அங்கே கால்வாய்க் கரைகளிலும் அணைகரைகளிலும் பிள்ளைகள் பள்ளிக்கு மிதித்துப் போகிறார்கள். அவர்களுக்கு எதிர்காற்று, நமக்கு வெயில். தொல்லைகளில் அந்த அளவுக்குத்தான் வேறுபாடு.

கரைப்பாதையில் சிக்கல்கள் உண்டு, அவற்றை மறைத்துப் பயனில்லை. முதலாவது, கரை என்பது வெள்ளத்தைத் தடுப்பதற்காகப் போடப்பட்டது, அதன் உறுதிக்கு எதுவும் ஊறு செய்யக்கூடாது. எனவே அதன்மேல் கான்கிரீட் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மண் அமிழும் இடத்தில் கான்கிரீட் வெடிக்கும், வெடிப்பில் மழைநீர் இறங்கும், கரை உள்ளுக்குள் அரிக்கப்படுவது வெளியே தெரியாமலே போகும். நன்றாக இறுக்கிய கிராவலே போதும், ஆண்டுக்கொரு முறை மேட்டூர் திறப்புக்கு முன்னான தூர்வாரும் பணியோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது, சீமைக் கருவேலம். அதன் முள் மிதிவண்டிச் சக்கரத்துக்கு யமன். அதை வேரோடு அகற்றாமல் பாதை அமைப்பது பஞ்சர் கடைக்காரருக்குச் செய்யும் உதவியாகவே முடியும். மூன்றாவது, மணல் ஏற்றிவரும் டிராக்டர்களும் லாரிகளும். கரையின் நுழைவாயிலில் இரும்புக் கம்பங்கள் நட்டு, நடுக்கம்பத்தைப் பூட்டித் திறக்கும்படி வைத்தால், வெள்ளக் காலத்தில் துறையின் வாகனம் போகலாம், மற்ற நாட்களில் பெரிய வண்டிகள் போகமுடியாது. மோட்டார் சைக்கிளை இக்கம்பங்கள் தடுக்காது என்பது உண்மையே. அதற்கு முழுத் தீர்வு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் லாரி ஓடும் சாலையில் போவதற்கும் மோட்டார் சைக்கிள் ஓடும் கரையில் போவதற்கும் உள்ள வேறுபாடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குத் தெரியும். நான்காவதும் முக்கியமானதும், பாதுகாப்பு. மாலையில் தனி வகுப்பு முடிந்து திரும்பும் மாணவியர், விளக்கில்லாத, மதுப் புட்டிகள் உடைந்து கிடக்கிற கரையில் வரமாட்டார்கள், வரவும் கூடாது. ஆகையால் நகரை ஒட்டிய பகுதிக்கேனும் தெருவிளக்கும் காவல் ரோந்தும் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலை அகலப்படுத்தலில் போன புளியமரங்களுக்கு ஈடாகக் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டப்படுகிறது. எங்கே நட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெற்கு வடக்காகச் செல்லும் சாலையில் மேற்கு ஓரத்தில் மரமிருந்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் தலைமேல் நாலரை மணி வெயில் விழாது. சித்திரை வெயிலில் ஐந்து கிலோமீட்டர் மிதிப்பவருக்கு வேம்பும் புங்கனும் சாலைக் கட்டமைப்பைச் சேர்ந்தவைதாம், மதிப்பீட்டில் அப்படியே எழுதலாம்.

டெல்டாவில் சாலையோரத்தில் எதைப் போட்டாலும் அறுவடைக் காலத்தில் அதன்மேல் நெல் காயும் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுவையும் சம்பாவும் அறுவடையாகும் மாதங்களில் பாதிச் சாலை களமாகிவிடுகிறது. நெல்லைச் சுற்றி வைத்த கற்களிலும் மரக்கிளைகளிலும் மோதி விழுபவர்கள் இருசக்கரக்காரர்களே. இதற்காக விவசாயிகள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது அவர்கள் வேறெங்கே உலர்த்துவார்கள்? கொள்முதல் நிலையம்தோறும் போதுமான உலர்களம் கட்டப்படாவிட்டால், 2 மீட்டர் மிதிவண்டித் தடம் மிக வசதியான உலர்களமாகிவிடும். இது வேளாண்மைத் துறையின் விஷயம், நெடுஞ்சாலைத் துறையின் விஷயமல்ல என்று கோப்பில் எழுதிவிடலாம். சாலையில் அந்தப் பிரிவினை இல்லை.

நான்குவழிச் சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதைக் கட்டுவோர் நம் கைக்கு எட்டாத தொலைவில் உள்ளவர்கள். தஞ்சாவூர்–திருச்சி சாலையிலும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையிலும் ஊரும் வயலும் இருவேறு பக்கங்களாகப் பிரிந்துவிட்ட இடங்கள் உண்டு. கீழ்ப்பாலம் வரை போய்ச் சுற்றிவரச் சோம்பிப்போய் எதிர்த்திசையில் மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்று குறைகூறுவது எளிது. மிதிக்கிறவரைக் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் சுற்றச்சொல்வது, மோட்டாரில் போகிறவரைச் சுற்றச்சொல்வதைப் போன்றதல்ல. அணுகுசாலை தொடர்ச்சியாக இருந்து, கீழ்ப்பாலத்தில் மழைநீர் தேங்காமலும் இருந்தால் பாதித் தவறுகள் தாமே குறையும்.

பெண்களுக்கு 2021 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை, மாணவர்களுக்கு ஏற்கெனவே இலவசப் பயண அட்டை இருக்கிறது, பிறகு மிதிவண்டி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பேருந்து வரும் இடத்தில் பேருந்தில் போவதே நல்லது. ஆனால் வாய்க்கால் வழியாக உள்ளே தள்ளியிருக்கும் தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் பேருந்து வருவதில்லை. அங்கிருந்து முக்கிய சாலைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தொலைவுதான் மிதிவண்டிக்கு உரியது. முக்கிய சாலையில் இறங்கியதும் வண்டியைத் தேநீர்க் கடை ஓரத்திலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ பூட்டிவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள். பேருந்து நிறுத்தத்திலேயே மேற்கூரையுடன், சங்கிலி போட்டுப் பூட்டும்படியான நான்கைந்து இரும்புச் சட்டங்களை நட்டுக்கொடுப்பது ஊராட்சியின் சக்திக்கு உட்பட்ட வேலை. ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் உள்ள சைக்கிள் ஸ்டாண்டுகளில் இப்போது சைக்கிளைத் தேடித்தான் பார்க்க வேண்டும், மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் கிடக்கும். அக்காலத்தில் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன, வில்லை இல்லாவிட்டாலும் இரவில் விளக்கு இல்லாவிட்டாலும் பிடித்தன. வரி ஒழிந்தது நல்லதே. அதனோடு சேர்ந்து, சைக்கிளும் சாலையில் போகும் ஒரு வாகனம் என்ற நினைவும் அலுவலகங்களிலிருந்து போய்விட்டது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138(1ஏ) பிரிவு, நடப்பவர்களும் மோட்டார் அல்லாத வண்டிகளும் பொது இடங்களையும் நெடுஞ்சாலைகளையும் பயன்படுத்துவது குறித்து விதிகள் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள குறைபாட்டால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் அதற்குப் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 138(1ஏ) பிரிவின்கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியோ 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட கும்பகோணமும், அதற்கு மூத்த தஞ்சாவூரும் அப்படியொரு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் தடையாக நிற்பது பணம் அல்ல, பிரிந்து கிடக்கும் பொறுப்புதான். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகால் மாநகராட்சியுடையது, ஆற்றங்கரை நீர்வளத் துறையுடையது, மின்கம்பம் மின்வாரியத்துடையது, மிதிவண்டியோ பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை கொடுத்தது. ஐந்தையும் ஒரே மேசையில் கூட்டுகிற அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. மகாமக ஏற்பாட்டுக் கூட்டங்களில் இத்துறைகள் எப்படியும் ஒன்றாக உட்காரத்தான் போகின்றன. அக்கூட்டங்களின் பொருள்நிரலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து, நகருக்குள் வரும் சாலைகளில் ஒன்றையும் அரசலாற்றுக் கரையில் ஒரு பகுதியையும் முதலில் எடுத்துக்கொள்ளுமாறு தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியரையும் கும்பகோணம் மாநகராட்சி ஆணையரையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பீடு தயாரிப்பதற்கு முன்பு, அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குச் செல்லும் சாலைகளில் பள்ளி வேலைநாள் ஒன்றில் காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை மிதிவண்டிகளை எண்ணச் சொல்ல வேண்டும். இதற்குச் சாலைக்கு இரண்டு பணியாளர்களும் ஒரு குறிப்பேடும் போதும். பள்ளித் தேர்வு நாட்களிலும் கோடை விடுமுறையிலும் எண்ணிவிட்டு, மிதிவண்டிகள் குறைவு என்று எழுதிவிடக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்,
கும்பகோணம்.